முந்நூறு சொல்லுக்குள்ள

அந்தக் கதிரையில இருக்காதேங்கோ பிள்ளை, அதுக்கு ஒரு கால் ஆடும். இதில இருங்கோ. ஃபானைப் போடட்டே? கரண்ட் இருக்கு. ஆலை வந்தாப் பிறகு எங்களுக்குக் கரண்டுக்குக் குறைச்சலில்லை. அந்தப் பக்கம் அரிசி மா, இந்தப் பக்கம் மிளகாய்த்தூள். தும்மல் வந்தா வெக்கப்படாதேங்கோ. இஞ்ச வாற பெரியாக்கள் எல்லாரும் இதில இருந்து நல்லாத் தும்மிப்போட்டுத்தான் போறவை.

சுகிர்தாவைப் பாக்க வேணுமெண்டு கேட்டனீங்களாம், உங்கட றைவர் தம்பி சொன்னவர். ஏன் பிள்ளை அவளை? நான் இருக்கிறன்தானே. இந்த மாதர் சங்கத்துக்குத் தலைவி நான். மங்களேஸ்வரி. உங்கட நிறுவனத்துக்கு வாற கடிதம் எல்லாத்திலயும் என்ர கையெழுத்துத்தான் இருக்கும்.

தெரியும், தெரியும். உங்கட கையில இருக்கிற புத்தகத்தில அவளின்ர படம் இருக்கு. பொன்னாடையோட நிக்கிறாள். அந்தப் பொன்னாடை வாங்கிப் போட்டதும் நான்தான். ஆலை திறந்த அண்டைக்குக் கடைசியா வந்தவள், அதுக்குப் பிறகு இந்தப் படி மிதிக்கேல்லை. ஆரின்ர கதையால இந்த ஆலை வந்தது? அவளின்ர கதையால. இப்ப ரோட்டில என்னைக் கண்டா மற்றப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போறாள். எனக்கு வயிறு எரியுமோ எரியாதோ, நீங்களே சொல்லுங்கோ.

நீங்கள் படிச்ச பிள்ளை. நான் ஒண்டும் மறைக்காமல் சொல்லுறன். கேட்டுப்போட்டு, ஆரில பிழையெண்டு நீங்களே சொல்லுங்கோ.

நாங்கள் முகாமால திரும்பி வந்து இந்தச் சங்கத்தைத் தொடங்கேக்க எங்களிட்ட ஒண்டுமில்லை. பதினேழு பொம்பிளையள், ஒரு உரல், ரெண்டு உலக்கை. மாவிடிச்சு, வறுத்து, பக்கெற் பண்ணிச் சந்தைக்குக் கொண்டுபோவம். ஒரு மெசின் தாங்கோ எண்டு எத்தினை நிறுவனத்துக்கு எழுதினம் தெரியுமோ? மூண்டு தரம் எழுதி மூண்டு தரமும் இல்லையெண்டிட்டினம். முதல் தரம் காரணமே சொல்லேல்லை. ரெண்டாந் தரம், கோழி வளக்கிறியளோ எண்டு கேட்டினம். நாங்கள் மாவுக்குக் கேக்கிறம், அவை கோழிக்கு நிக்கினம்.

பிறகுதான் உங்கட நிறுவனத்துக்கு நகுலன் தம்பி வந்தவர். டவுன் ஒபிஸில இருந்தவர், இப்ப கனடா போட்டார். நல்ல பொடியன். எங்கட விண்ணப்பத்தை வாசிச்சுப்போட்டுச் சொன்னார், "அக்கா, எல்லாம் வடிவா இருக்கு. ஆனா இதில மனிசர் இல்லை. வாசிக்கிற ஆக்களுக்கு நெஞ்சில தைக்க வேணும். ஒரு பயனாளியின்ர கதையை முந்நூறு சொல்லுக்குள்ள எழுதி வையுங்கோ."

"தம்பி, எங்கட பதினேழு பேரிட்டையும் கதை இருக்கு" எண்டன்.

"எல்லாச் சங்கத்திலயும் இருக்கக்கா" எண்டார். "உங்கட கதை மற்றவையின்ர மாதிரி இருக்கக்கூடாது."

வீட்டை வந்து யோசிச்சன். ஒவ்வொருத்தராப் பிடிச்சு யோசிச்சன். கால் போன ஆக்கள் எங்களிட்ட மூண்டு பேர். ஆனா கால் போன ஆக்கள் பக்கத்துச் சங்கத்தில எட்டுப் பேர் இருக்கினம். மகனைத் துலைச்ச தாய்மார் இருக்கினம், அதுவும் எல்லா ஊரிலயும் இருக்கு, படத்தைக் கையில பிடிச்சுக்கொண்டு ரோட்டில இருக்கினம், ஆர் பாக்கினம்? புருசன் செத்தது ஒரு கதையே இல்லை. எங்கட பரிமளத்துக்கு ஒரே பங்கருக்குள்ள நாலு பேர் செத்தவை. நான் முதல் அதைத்தான் எழுதுவமெண்டு இருந்தனான். ஆனா அவளுக்குச் சொல்லத் தெரியாது பிள்ளை. கேட்டாச் சிரிப்பாள். வந்த ஆக்களுக்கு முன்னால சிரிச்சா மெசின் வருமோ?

அப்பதான் சுகிர்தாவின்ர ஞாபகம் வந்தது. அவளின்ர கதை ஒருத்தரிட்டையும் இல்லை.

அது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிஞ்ச கதை. நான் கூடவே நிண்டனான். அவளின்ர மனுசன் குலேந்திரனுக்குக் கடைசிச் சண்டையில, பங்குனி மாசம், முதுகில காயம். காயக்காரரை ஏத்தின கப்பலில அவனை ஏத்தி அனுப்பிட்டினம். சுகிர்தாவும், நாலு வயசுப் பெட்டைக் குஞ்சும், அவனின்ர தாய் அன்னமுத்துவும் தறப்பாள் கூடாரத்துக்குள்ள தனிச்சுப் போச்சினம். பக்கத்துத் தறப்பாள் நான். எனக்குப் பிள்ளை குட்டியில்லை, மனுசன் முந்தியே செத்திட்டார். அதால அவையளோடதான் சேர்ந்து சமைச்சது, சாப்பிட்டது, ஓடினது எல்லாம்.

ஏப்ரல் இருபதாந் திகதி. சனமெல்லாம் தண்ணிக்குள்ள இறங்குது, களப்பைக் கடந்து அங்கால போக. நெஞ்சு மட்டத்துக்குத் தண்ணி. அன்னமுத்து மாமிக்கு முதல் நாள் தொடையில ஷெல் துண்டு பட்டது. நடக்க ஏலாது. சுகிர்தாவுக்குத் தோளில பிள்ளை. ரெண்டு பேரையும் அவள் எப்பிடித் தூக்குவாள்? அவளே ஒரு ஈர்க்கு. பின்னால வெடிக்குது, முன்னால தண்ணி. மாமியைக் கரையில ஒரு பூவரசுக்குக் கீழ இருத்தினம். ஒரு போத்தல் தண்ணி வைச்சம். அவவின்ர வெத்திலைப் பையை மடியில வைச்சம். வெத்திலை எங்க இருந்தது, சும்மா வெறும் பைதான்.

மாமி கேட்டவ, "எப்ப பிள்ளை வருவாய்?" எண்டு.

நான்தான் சொன்னன், "இந்தா வாறம் மாமி, பிள்ளையை விட்டிட்டு வாறம்" எண்டு. தண்ணிக்குள்ள இறங்கின பிறகும் "பிள்ளை, பிள்ளை" எண்டு கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தவ. கொஞ்சத் தூரம் கேட்டது. பிறகு கேக்கேல்லை.

இதை நான் விண்ணப்பப் படிவத்தில கொஞ்சம் திருத்தித்தான் எழுதினன். "நீ போ மகளே, என் பேத்தியை வாழ வை" எண்டு மாமி சொன்ன மாதிரிப் போட்டன். எப்ப வருவாய் எண்டு கேட்டவ எண்டு எழுதினா வாசிக்கிறவைக்கு ஒரு மாதிரி இருக்கும்தானே.

முகாமுக்கு வந்து ரெண்டு மாசத்துக்குப் பிறகு குலேந்திரனைக் கொண்டுவந்து விட்டினம். கம்பி வேலிக்குள்ளால வரேக்கயே கேட்டான், "அம்மா எங்க?" அவன் வாறானெண்டு முதல் நாளே அறிவிச்சவை, அதால நான் அவளுக்குச் சொல்லிக் குடுத்து வைச்சிருந்தனான். ஷெல் பட்டு உடன செத்தவ எண்டு சொல்லு, பங்கருக்குள்ளயே மண்ணைப் போட்டுத் தாட்டம் எண்டு சொல்லு, அவனும் நிம்மதியா இருப்பான் எண்டு. திதி பாக்கத் திகதி கேப்பான் எண்டதும் எனக்குத் தெரியும். பதினெட்டாந் திகதி எண்டு சொல்லச் சொன்னன். அண்டைக்கு எங்கட பக்கம் நல்ல ஷெல்லடி, ஆரும் கேட்டாலும் பொருந்தும். அவளும் அப்பிடியே சொன்னாள். பாருங்கோ, ஒரு குடும்பம் பிரியாமல் இருக்க நான் அண்டைக்கே எவ்வளவு யோசிச்சிருக்கிறன்.

அந்தத் திகதியை வைச்சுத்தான் ஐயர் திதி குறிச்சுக் குடுத்தவர். வருசம் வருசம் திவசம். குலேந்திரன் தாயில உயிர். சாப்பாடில்லாட்டியும் திவசம் விடமாட்டான். ஐயரைக் கூப்பிட்டு, பிண்டம் வைச்சு, எள்ளும் தண்ணியும் இறைச்சு, ஏழு தரம் செய்தவன். சுகிர்தா விடிய முழுகி, ஈரத்தோட நிண்டு சமைப்பாள். நானும் ஒவ்வொரு வருசமும் போய்ச் சாப்பிட்டனான். அவளின்ர வாழைக்காய்ப் பொரியலும் மோர்க்குழம்பும் எண்டா ஊருக்கே தெரியும். எனக்கு இலை போட மட்டும் மகளைத்தான் அனுப்புவாள். நான் ஒண்டும் காட்டிக்கொள்ளுறதில்லை.

சரி, படிவத்துக்கு வாறன். எழுதி முடிச்சன். முந்நூறு சொல்லுக்கு மேல ஒரு சொல் இல்லை. கீழ ஒரு வரி இருந்தது, மேலே கூறியவை யாவும் உண்மையென உறுதிப்படுத்துகிறேன் எண்டு. அதுக்குக் கீழதான் தலைவியின்ர கையெழுத்து. நான் திகதியில வந்து நிண்டிட்டன் பிள்ளை. பதினெட்டோ இருபதோ? அரை நாள் யோசிச்சன். நான் பொய்க்குக் கையெழுத்து வைக்கிற ஆளில்லை. இருபதாந் திகதி உயிருடன் விட்டுச் சென்றார் எண்டு உள்ளதை உள்ளபடி எழுதிப்போட்டன்.

அவளிட்டைக் கேட்டனோ எண்டு பாக்கிறீங்கள். ஏன் கேக்காமல்? சம்மதத்துக்கு எண்டு தனியாக் கடைசியில ஒரு பக்கம் இருந்தது. அந்தப் பக்கத்தைக் கொண்டுபோனன். அவள் இடியப்பம் பிழிஞ்சுகொண்டிருந்தாள், கையெல்லாம் மா.

"என்னக்கா இது, வாசிக்க வேணுமோ?" எண்டாள்.

"சங்கத்து அலுவல்தான். வையடி, எனக்குப் பஸ்ஸுக்கு நேரம் போகுது" எண்டன்.

கையைச் சீலையில துடைச்சுப்போட்டு வைச்சாள். மா அடையாளத்தோட அந்தப் பக்கம் இப்பவும் உங்கட ஃபைலில இருக்கும், போய்ப் பாருங்கோ. முறைப்படி எல்லாம் செய்திருக்கிறன்.

நாலு மாசத்தில மெசின் வந்தது. நகுலன் தம்பி ஃபோன் எடுத்துச் சொன்னார், "அக்கா, கொழும்பில மேசையில இருந்த எல்லாரும் உங்கட கதையை வாசிச்சு அழுதவை." எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. மூண்டு தரம் இல்லையெண்டவைக்கு நான் ஆரெண்டு காட்டிப்போட்டன்.

திறப்பு விழா ஆனி மாசம். இந்த முற்றம் நிறையச் சனம். வெள்ளைக்கார அம்மா ஒராள் வந்தவ, சீலை உடுத்து, பொட்டு வைச்சு, நல்ல மனுசி. வாழை கட்டினது, பந்தல் போட்டது, மைக் செற் பூட்டினது எல்லாம் குலேந்திரன். முதுகு நோவோட இரவு பகலா நிண்டு செய்தவன். ஒரு சதம் வாங்கேல்லை. "அக்கா, எங்கட ஆக்களுக்கு ஒரு நல்லது நடக்குது" எண்டு சொல்லிக்கொண்டு நிண்டவன்.

சுகிர்தாவுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: நல்லா வேலை செய்யிற உறுப்பினருக்குப் பொன்னாடை போடினம், உனக்குத்தான், நல்ல சீலையா உடுத்துக்கொண்டு வா. மேடையில கொண்டுபோய் இருத்தினன். வெக்கத்தில தலை குனிஞ்சுகொண்டு இருந்தாள். எனக்கே ஆசையா இருந்தது பாக்க.

அந்த அம்மா இங்கிலீசில பேசிப்போட்டு, எங்கட விண்ணப்பத்தை எடுத்து நகுலன் தம்பியிட்டைக் குடுத்தா, தமிழில வாசிக்கச் சொல்லி. அந்தத் தம்பிக்கு ரேடியோக்காரரின்ர குரல். நிறுத்தி நிறுத்தி வாசிச்சார். பூவரசு மரம், தண்ணிப் போத்தல், வெத்திலைப் பை. பிறகு அந்த வரி வந்தது. ஏப்ரல் இருபதாம் திகதி, தன் மாமியாரைக் கரையில் உயிருடன் விட்டுச் சென்றார்.

குலேந்திரன் ஒரு தட்டத்தில சோடாப் போத்தலுகளை வைச்சுக்கொண்டு நிண்டவன். தட்டத்தை நிலத்தில வைச்சான். ஒரு போத்தல் கூடச் சரியேல்லை. நேர மேடைக்குக் கிட்ட வந்து, "தம்பி, அந்தத் திகதியை இன்னொருக்கா வாசியும்" எண்டான்.

நகுலன் தம்பி இவனும் மனம் உருகித்தான் கேக்கிறானெண்டு நினைச்சார். மைக்கைக் கிட்டப் பிடிச்சு, இன்னும் வடிவா இழுத்து வாசிச்சார். முன்னுக்கிருந்த ஆக்கள் கை தட்டிச்சினம். அந்த அம்மா கண்ணைத் துடைச்சுக்கொண்டு எழும்பி வந்து சுகிர்தாவைக் கட்டிப் பிடிச்சா. அப்ப எடுத்த படம்தான் நீங்கள் வைச்சிருக்கிறது. வடிவாப் பாருங்கோ, அவள் அம்மாவைப் பாக்கேல்லை. அவளின்ர கண் முழுக்கப் பந்தல் காலடியில, குலேந்திரன் நிண்ட பக்கம்.

விழா நல்லா முடிஞ்சது. ஒருத்தரும் ஒண்டும் குழப்பேல்லை. அந்த வகையில குலேந்திரனைக் குறை சொல்லக்கூடாது. மைக் செற்றைக் கழட்டிக் கட்டி வைச்சுப்போட்டுத்தான் வீட்டை போனவன்.

அவன் அடிக்கேல்லை பிள்ளை. கத்தேல்லை. எங்கட ஊர் ஆம்பிளையளை எனக்குத் தெரியும், வேற ஒருத்தனெண்டா வெட்டியிருப்பான். இவன் ஒண்டும் செய்யேல்லை. ஆனா அண்டையில இருந்து அவளின்ர கையால பச்சைத்தண்ணி வாங்கிக் குடிக்கிறதில்லை. பின்னால சாய்ப்பா ஒரு பத்தி இறக்கி, தனிச் சட்டி, தனி அடுப்பு. அடுத்தநாளில இருந்து அவளோட ஒரு சொல் இல்லை. ஏதும் சொல்ல வேணுமெண்டா மகளைக் கூப்பிடுவான். பன்ரண்டு வயசுப் பெட்டை, அங்கால ஒரு நடை, இஞ்சால ஒரு நடை. "அப்பா மண்வெட்டி கேக்கிறார்", "அம்மா இதில இருக்காம்." மூண்டு பேரும் ஒரு கூரைக்குக் கீழ.

திவசத்தைச் சொல்ல மறந்திட்டன். உயிரோட இருந்த தாய்க்கு ஏழு வருசமாப் பிண்டம் வைச்சிருக்கிறன் எண்டு ஐயரிட்டைப் போய் நிண்டிருக்கிறான். மாமி இருபதாந் திகதி செத்தவவோ, இருபத்தொண்டோ, நாலு நாள் இருந்தவவோ, ஆருக்குத் தெரியும்? தண்ணிப் போத்தல் வேற இருந்தது. திதி தெரியாட்டி அமாவாசையில செய்யலாமெண்டு ஐயர் சொல்லிப் பாத்தவர். இவன் கேக்கேல்லை. எந்த நாளெண்டு தெரியாது எண்டபடியால் ஒவ்வொரு நாளும் செய்யிறான். ஒவ்வொரு நாள் மத்தியானமும் தானே சோறு வடிச்சு, வேலியோரம் இலையில வைச்சு, காகம் வந்து எடுக்கு மட்டும் பாத்துக்கொண்டு நிப்பான். மழையெண்டாலும் நிப்பான். காகம் தொட்ட பிறகுதான் ஒரு நேரச் சாப்பாடு. அவள் குசினி வாசலில நிண்டு அதைப் பாத்துக்கொண்டிருப்பாள், அவளும் சாப்பிடாமல். இப்ப ஒரு வருசமாச்சு. ரெண்டு பேரும் எலும்பும் தோலுமாப் போச்சினம்.

அதாலதான் சொல்லுறன், இந்த முறை நீங்கள் அவளைப் பாக்க வேண்டாம். ரெண்டாம் கட்ட உதவிக்கு, பயனாளியின்ர வாழ்க்கை முன்னேறியிருக்கோ எண்டு பாக்கத்தானே வந்தனீங்கள்? அவளைப் பாத்தா ஆலைக்குத்தான் கெட்ட பேர். பரிமளத்தைப் பாருங்கோ. நான் ஆறு மாசமாச் சொல்லிக் குடுத்திருக்கிறன், இப்ப சிரிக்கிறதில்லை.

என்ன?

நான் எப்பிடிக் களப்பைக் கடந்தனான் எண்டோ?

உங்கட படிவத்தில அப்பிடி ஒரு கேள்வி இல்லையே பிள்ளை. சரி, கேட்டிட்டீங்கள், சொல்லுறன். எனக்கு அப்பவே முழங்கால் ஏலாது. நீந்தவும் தெரியாது. தண்ணியைக் கண்டாலே பயம். எங்களிட்ட ஒரு ரியூப் இருந்தது, உழவு மெசின்ர பெரிய சில்லு ரியூப். கப்பலுக்குத் தூக்கிக்கொண்டு போகேக்க குலேந்திரன் சொல்லிப்போட்டுப் போனவன், அம்மாவை இதில இருத்தித்தான் கொண்டுவர வேணுமெண்டு. காத்தடிச்சு, குறுக்கால கயிறு பின்னி, மாமி இருக்கிறதுக்கு ஏத்த மாதிரி அவனே காயம் படமுதல் செய்து வைச்சது. அதில ஒராள்தான் இருக்கலாம். மாமிக்கு எழுபத்திரண்டு வயசு, தொடையில காயம், இரத்தம் வேற போகுது. எனக்கு நாப்பத்தொம்பது. நீங்களே யோசியுங்கோ. நான் ஏறி இருந்தன். சுகிர்தா என்னைப் பாத்தாள். ஒரு கையால தோளில பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு, மற்றக் கையால கயிறைப் பிடிச்சு என்னை இழுத்துக்கொண்டு வந்தவள். அக்கரை மட்டும் இழுத்தவள்.

விழாவுக்கு அடுத்தநாள் காலமை நான் அவையின்ர வீட்டை போனனான், சமாதானம் சொல்லுவமெண்டு. படலையடியில நிக்கிறன். குலேந்திரன் அவளிட்டைக் கேட்ட கடைசிக் கேள்வி அதுதான். "நான் அம்மாவுக்குச் செய்து வைச்ச ரியூப் எங்க?"

அவள் தலை நிமிர்ந்து என்னைப் பாத்தாள். பிறகு அவனைப் பாத்து, "ஷெல் துண்டு பட்டுக் காத்துப் போயிட்டுது" எண்டாள்.

அவன் திரும்பி, "அப்பிடியோ அக்கா?" எண்டான்.

ஓமெண்டு சொன்னன். புருசன் பெண்சாதி விசயத்துக்குள்ள நான் ஏன் தலை போடுவான்?

எழுதாதேங்கோ பிள்ளை, பேனையை வையுங்கோ. இது பயனாளியின்ர கதையில வராது. ஏன் எழும்பிறீங்கள்? தேத்தண்ணி அப்பிடியே இருக்கு. பரிமளம் உடுத்து வெளிக்கிட்டு நிக்கிறாள். சுகிர்தாவின்ர வீட்டுக்கோ போறீங்கள்? போறதெண்டாப் போங்கோ, நான் மறிக்கேல்லை. கோயில் தாண்டி ரெண்டாவது படலை. போனா, நான் சொன்னதா ஒண்டு மட்டும் சொல்லிவிடுங்கோ. தலைவியக்காவுக்குக் கோவமொண்டும் இல்லையாம், எப்பவோ மன்னிச்சிட்டாவாம், திங்கக்கிழமையில இருந்து மா அரைக்க வரட்டாம் எண்டு.